ரீ-ரெய்ஸ் தெருவில் ஒரு ராத்திரி!

48.9 டிகிரி வெயிலில் யாராவது ஊர் சுத்தக் கிளம்புவாங்களா? நாங்க கிளம்பினோம், பாஸ்!

2024 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்தில் அதுவரை இல்லாத உச்ச வெப்பம் பதிவான நாள். நம்ம வேலூர் அக்னி நட்சத்திரமெல்லாம் இதுக்குத் தங்கச்சி! ரோட்டில் நடந்தால் முகத்துக்கு நேரா யாரோ ஹேர் டிரையரைப் பிடிச்சுக்கிட்டே கூட வர்ற மாதிரி இருந்தது. இந்த வெயிலில் எங்களை இழுத்துட்டுப் போனது ரெண்டு விஷயம். ஒண்ணு, ஜூலை 4 சுதந்திர தின லீவு. ரெண்டாவது, 200 டாலர்.

அந்த 200 டாலர் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போறேன். கதையோட கதையா ஊரையும் சுத்திக் காட்டிடறேன். வர்றீங்களா?

அப்போ நான் அரிசோனாவில் எம்.எஸ். படிச்சுக்கிட்டிருந்தேன். காலேஜ் லைப்ரரியில் பகுதிநேர வேலை, மணிக்கு 15 டாலர் சம்பளம். அப்படின்னா 200 டாலர்ங்கிறது 13 மணி நேரத்துக்கும் மேல புத்தகம் அடுக்கின கூலி. இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க. கடைசியில் தேவைப்படும்.

கூட வந்தவன் என் ரூம்மேட். மதுரைக்காரன். எங்க ஊருக்கும் வேகாஸுக்கும் காரில் அஞ்சு மணி நேரம். வழி முழுக்க பொட்டல், கள்ளிச்செடி, மறுபடி பொட்டல். வேகாஸுக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது கொலராடோ ஆத்துக்கு மேலே ஒரு பெரிய பாலம் வருது. பக்கத்திலேயே ஹூவர் அணை. இந்த அணை கட்ட ஆரம்பிச்சது 1931-ல். நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்பூர்வமாக்கினதும் அதே 1931-ல்தான். பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், கையில் வாரச் சம்பளம், பக்கத்தில் ஒரு குட்டி ஊர். அப்புறம் நடந்ததைத்தான் உலகமே பார்க்குதே!

குதிரை லாடம் பிறந்த தெரு

லாஸ் வேகாஸ்னு சினிமாவில் பார்க்கிற ஈஃபிள் டவர், டான்ஸ் ஆடுற நீரூற்று எல்லாம் 'ஸ்ட்ரிப்'னு சொல்ற பகுதியில் இருக்கு. ஆனா, ஊர் பிறந்த இடம் அது இல்லை. 1905-ல் ரயில்வே கம்பெனி நிலத்தை ஏலம் விட்டு உருவான பழைய ஊர், வடக்கே இருக்கிற டவுன்டவுன். அதோட நடுநாயகம் ஃப்ரிமான்ட் தெரு.

அங்கே போக 'டியூஸ்'னு ஒரு டபுள் டெக்கர் பஸ். 24 மணி நேரமும் ஓடும். டவுன்டவுனில் பார்க்கிங்குக்குக் காசு அழ வேண்டாம்னு, காரை ஹோட்டலில் போட்டுட்டு ஒரு நாள் பஸ் பாஸ் வாங்கினோம். பாஸை நான் தனியா பின் பாக்கெட்டில் வெச்சேன். இதையும் ஞாபகம் வெச்சுக்குங்க!

ஃப்ரிமான்ட் தெருவில் இறங்கினதும் கழுத்து தானாவே மேலே போகும். நாலு பிளாக் நீளத்துக்குத் தெருவுக்கே கூரை போட்டிருக்காங்க. 1995-ல் போட்ட கூரை. அது முழுக்க மின்விளக்குத் திரை. மீனாட்சி அம்மன் கோயில் பிராகாரத்தில் கூரை ஓவியம் பார்த்துக்கிட்டே நடப்போமே, அதே மாதிரி எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கிட்டு ஒருத்தர் மேல ஒருத்தர் மோதிக்கிறாங்க. என்ன, இங்கே ஓவியம் ஓடுது, கூடவே கிடாரும் அலறுது!

இந்தத் தெருவில்தான் 'பினியன்ஸ்' இருக்கு. டெக்சாஸிலிருந்து வந்த பென்னி பினியன் நடத்தின ஹார்ஸ்ஷூ, அதாவது குதிரை லாடம் சூதாட்ட விடுதி. 1970-ல் 'வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர்' பிறந்தது இங்கேதான். முதல் வருஷ சாம்பியனை எப்படித் தேர்ந்தெடுத்தாங்க தெரியுமா? ஆடினவங்களையே ஓட்டுப் போடச் சொல்லி! ஜானி மாஸ்ங்கிறவர் ஜெயிச்சார். அதுக்கு அடுத்த வருஷத்திலிருந்துதான் கடைசி ஆள் மிஞ்சுற வரைக்கும் ஆடுற முறை வந்தது.

2005-க்கு அப்புறம் போட்டி இந்தத் தெருவை விட்டுப் போயிடுச்சு. 2022-லிருந்து ஸ்ட்ரிப்பில் நடக்குது. அங்கே அது நடக்கிற ஹோட்டல்களில் ஒண்ணுக்கு இப்போ 'ஹார்ஸ்ஷூ'னு அதே பழைய பேரை வெச்சிருக்காங்க. சனிக்கிழமை அங்கேயும் எட்டிப் பார்த்தோம். வேடிக்கை பார்க்க டிக்கெட் கிடையாது. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர் கட்டி அந்த வருஷம் மெயின் ஈவென்ட்டில் உட்கார்ந்தவங்க 10,112 பேர். ஹால் முழுக்க யாரும் பெருசா பேசிக்கலை. எல்லாரும் விரலில் சிப்ஸை உருட்டிக்கிட்டே இருக்காங்க. ஆயிரக்கணக்கான சில்வண்டு ஒரே நேரத்தில் கத்துற சத்தம் மாதிரி 'கிறுகிறு'னு ஒரு சத்தம். ஊருக்கு வந்தப்புறமும் காதில் கேட்டுக்கிட்டே இருந்தது.

அஞ்சு நிமிஷத்தில் போக்கர்

நம்ம மங்காத்தா தெரியுமில்லையா? உள்ளே, வெளியே, அவ்வளவுதான். சீட்டு எங்கே விழுதோ அங்கே காசு. நம்ம மூளைக்கு அங்கே வேலையே இல்லை. டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் வேற ஜாதி. ஆளுக்கு ரெண்டு சீட்டு ரகசியமா. அப்புறம் நடு மேஜையில் எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. மொத்தம் ஏழில் சிறந்த அஞ்சு யாருகிட்ட இருக்கோ, அவருக்குத்தான் நடுவில் இருக்கிற காசு.

ஆனா, சீட்டையே காட்டாமலும் ஜெயிக்கலாம்! எப்படி? நீங்க ஒரு தொகை வைக்கிறீங்க. அது ரெய்ஸ். எதிராளி அதைவிட மூணு மடங்கு வைக்கிறார். அது ரீ-ரெய்ஸ். நீங்க பயந்து சீட்டைத் தூக்கி உள்ளே போட்டா அது ஃபோல்டு. அவர் கையில் வெறும் குப்பை இருந்திருந்தாலும் காசு அவருக்குத்தான்.

நாங்க போனது அந்தப் பக்கத்தில் இருந்த வேற ஒரு இடத்தில் ஒரு சின்ன மேஜைக்கு. பேர் வேண்டாம். வாசலில் ஐ.டி. கேட்டாங்க. நெவாடாவில் 21 வயசு முடிஞ்சிருக்கணும். ரூம்மேட் ஆடலை. பின்னாடி நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தான். அது 1-2 டாலர் மேஜை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ரெண்டு பேர் சீட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே 1 டாலரும் 2 டாலரும் கட்டாயமா வைக்கணும். இதுக்கு 'பிளைண்ட்'னு பேர். நான் என் 200 டாலரை சிப்ஸா மாத்தி, ஊரில் பொங்கல் லீவுக்கு ரம்மி ஆடின கெத்தில் உட்கார்ந்தேன்.

தொப்பிக்காரர்

எனக்கு இடது பக்கம் ரெண்டாவது நாற்காலியில் ஒரு பெரியவர். 60 வயசு இருக்கும். வெளுத்துப்போன பேஸ்பால் தொப்பி. சிரிச்ச முகம். பக்கத்தில் ஒரு காபி கப். பார்த்தா நம்ம ஊர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மாதிரி இருந்தார்.

முதல் நல்ல சீட்டு வந்தது. ராஜா-ஜாக்கி. 6 டாலர் வெச்சேன். அவர் சிரிச்சுக்கிட்டே 18 வெச்சார். சரி, அவருக்கு ஏதோ பெருசா வந்திருக்குன்னு ஃபோல்டு பண்ணிட்டேன். அடுத்தது ஏஸ்-9. நான் 6. அவர் 18. ஃபோல்டு. அப்புறம் ஜோடி 5. நான் 6. அவர் 18. ஃபோல்டு. இப்படி அஞ்சு தடவை! 30 டாலர் காலி. பிளைண்டில் ஒரு பத்து டாலர் கரைஞ்சது. ரூம்மேட் காதில் வந்து, "மாப்ள, அந்தாளு உன்னை வெச்சு செய்றாரு"ன்னான்.

சுர்ருன்னு ஏறிச்சு. ஆறாவது தடவை ராணி-9. சுமாரான சீட்டுதான். நான் 6, அவர் 18. இந்தத் தடவை விடலை. நான் 50 வெச்சேன்! மனசுக்குள்ளே பின்னணி இசையெல்லாம் ஓடுது. அவர் காபி ஒரு வாய் குடிச்சார். மொத்த சிப்ஸையும் முன்னாடி தள்ளினார். ஆல்-இன்!

என் பின்னணி இசை அங்கேயே நின்னுடுச்சு. ராணி-9-ஐ வெச்சுக்கிட்டு மிச்சக் காசையும் போட முடியுமா? ஃபோல்டு. ஒரு மணி நேரம் முடிஞ்சப்போ 200 டாலர் 110 ஆகியிருந்தது. 'வின்னர்' படத்து கைப்புள்ள கூட இவ்வளவு சீக்கிரம் அடி வாங்கியிருக்க மாட்டார்!

பாட்டி சொல்லைத் தட்டாதே

அப்பதான் ஒரு சின்ன விஷயம் நடந்தது. மேஜையோட அந்தக் கோடியில் ஒரு பாட்டி. ஒரு மணி நேரமா வாயும் திறக்கலை, ரெய்ஸும் பண்ணலை. தொப்பிக்காரர் வழக்கம்போல ரெய்ஸ் பண்ணினார். பாட்டி மெதுவா சிப்ஸை எண்ணி, மூணு மடங்கு வெச்சாங்க. தொப்பிக்காரர் ஒரு செகண்ட் கூட யோசிக்கலை. சீட்டை உள்ளே போட்டுட்டு, பாட்டியைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு ஒரு சலாம் வெச்சார்.

எனக்கு அடி வாங்கினப்போ புரியாதது அந்த சலாமில் புரிஞ்சது. இந்த ஆள் முரடர் இல்லை. கணக்கு பார்க்கிறவர். பாட்டி எப்பவாவதுதான் அடிப்பாங்க, அடிச்சா கையில் சரக்கு இருக்கும். அதனால ஓடிட்டார். நான் கண்டதுக்கெல்லாம் ரெய்ஸ் பண்றேன், திருப்பி அடிச்சா ஓடிடறேன். அதனால என்னை அடிக்கிறார். இதில் கோபப்பட என்ன இருக்கு? அவரை இப்படி ஆட வெச்சதே நான்தான்!

"கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்"னு டீலர்கிட்ட சொல்லிட்டு எழுந்தேன். சிப்ஸ் மேஜையிலேயே இருக்கலாம், கொஞ்ச நேரம் நாற்காலியைப் பிடிச்சு வெச்சிருப்பாங்க. வெளியே காத்தாவது ஒண்ணாவது! ராத்திரி பத்தரைக்கும் அனல். ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு பினியன்ஸ் வாசல் பக்கமா நடந்தோம். வாங்க, நடந்துக்கிட்டே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பிளைண்ட் 1 கூட்டல் 2. என் ரெய்ஸ் 6. மொத்தம் 9 டாலர் நடுவில் இருக்கு. அதைப் பிடிக்க அவர் வைக்கிறது 18. மூணு ஆட்டம் எடுத்துக்குங்க. நான் ரெண்டில் ஓடினா அவருக்கு ரெண்டு தடவை 9, ஆக 18 லாபம். மூணாவதில் மாட்டி 18-ம் போனா கூட நஷ்டமில்லை. அதாவது, மூணுக்கு ரெண்டு தடவைக்கு மேல நான் ஓடினா, அவர் கையில் என்ன சீட்டு இருந்தாலும் அவருக்கு லாபம். அவர் தன் சீட்டைப் பார்க்கவே வேண்டாம்! நான் அஞ்சுக்கு அஞ்சு ஓடியிருந்தேன்.

இன்னொரு கணக்கு. 52 சீட்டில் ரெண்டு சீட்டு சேர்க்கைகள் மொத்தம் 1,326. அதில் ஏஸ் ஜோடி 6 விதம், ராஜா ஜோடி 6, ராணி ஜோடி 6, ஏஸ்-ராஜா 16 விதம். கூட்டினா 34. நூத்துக்கு ரெண்டரைதான் வருது. அந்த ஒரு மணி நேரத்தில் சுமார் 30 ஆட்டம் நடந்திருக்கும். நிஜமான பெரிய சீட்டு அவருக்கு ஒரு தடவை வந்திருந்தாலே அதிகம். ஆனா, அவர் ரீ-ரெய்ஸ் பண்ணினது என்னை ஆறு தடவை, மத்தவங்களை ரெண்டு தடவை. ஆக எட்டு! பாதிக்கு மேல காத்து அடிச்ச பலூன்.

தெருவில் ஆடின கடைசி ஆட்டம்

பினியன்ஸ் வாசலில் நின்னா ரெண்டு பேர் ஞாபகத்துக்கு வராம இருக்க மாட்டாங்க.

முதல் ஆள் கிறிஸ் மணிமேக்கர். நிஜமாவே பேர் அதுதான்! டென்னசி மாநிலத்துக்காரர். 27 வயசு அக்கவுன்டன்ட். ஆன்லைனில் ஒரு சின்னப் போட்டியில் ஜெயிச்சு, அந்த இலவச சீட்டில் 2003-ல் இங்கே வந்தார். 839 பேர் ஆடின போட்டியில் கடைசி ரெண்டு பேரில் ஒருத்தரானார். எதிரில் சாம் ஃபர்ஹா. அடிச்சு ஆடறதுக்குப் பேர்போன தொழில்முறை ஆட்டக்காரர். ஒரு ஆட்டத்தில் ஃபர்ஹா பந்தயம் கட்ட, மணிமேக்கர் அதுக்கு மேல ரெய்ஸ் பண்ணினார். கடைசிச் சீட்டு விழுந்ததும் ஆல்-இன். அவர் கையில் இருந்தது ஒண்ணுமே சேராத ராஜா-7. ஃபர்ஹாகிட்ட இருந்ததோ 9 ஜோடி. ஜெயிக்கிற சீட்டு! ரொம்ப நேரம் யோசிச்சுட்டு ஃபர்ஹா ஃபோல்டு பண்ணிட்டார். கொஞ்ச நேரத்தில் 25 லட்சம் டாலர் அக்கவுன்டன்ட் பாக்கெட்டில்! அடுத்த வருஷம் போட்டிக்கு வந்தவங்க 2,576 பேர்.

அடிக்கிறவங்களும் ஓடுவாங்க. அவங்க நம்புற மாதிரி நாம அடிக்கணும். அதுதான் மணிமேக்கர்கிட்ட நான் எடுத்துக்கிட்ட பாடம்.

இன்னொருத்தர் ஸ்டூ அங்கர். நியூயார்க்காரர். முதலில் அவர் ராஜா ஆனது நம்ம ரம்மியோட சொந்தக்காரியான ஜின் ரம்மியில். அவரை எதிர்த்து ஆட ஆளே கிடைக்காததால போக்கருக்கு வந்தார். 1980, 1981 ரெண்டு வருஷமும் சாம்பியன். எதிராளி மூச்சு விடறதுக்குள்ள அடிச்சுக்கிட்டே இருக்கிற ஆட்டம். அப்புறம் போதைப்பழக்கத்தில் எல்லாம் போச்சு. 1997-ல் நுழைவுக் கட்டணம் கட்டக்கூட காசில்லை. வேற ஒருத்தர் கட்டினார். அந்த வருஷம் இறுதி ஆட்டத்தை இந்த ஃப்ரிமான்ட் தெருவிலேயே, இந்தக் கூரைக்குக் கீழேயே மேஜை போட்டு நடத்தினாங்க. அங்கர் மூணாவது தடவையா ஜெயிச்சார். முதல் பரிசு 10 லட்சம் டாலர்.

மறு வருஷம் போட்டிக்கு அவர் வரவே இல்லை. 1998 நவம்பரில் இதே ஊரில் ஒரு மலிவான லாட்ஜ் ரூமில் இறந்து கிடந்தார். வயசு 45. கையில் இருந்தது சில நூறு டாலர்கள்தான்.

மேஜையில் அவரை ஜெயிக்க ஆளில்லை. எப்போ எழுந்திருக்கணும்ங்கிறதுதான் அவருக்குப் பிடிபடவே இல்லை. அதே தெருவில் நின்னு தண்ணி குடிச்சுக்கிட்டே நான் ரூம்மேட்கிட்ட சொன்னேன்: "இருக்கிற 110 போனா எந்திரிச்சுடுவேன். நீ சாட்சி."

ரவுண்டு ரெண்டு

திரும்பப் போறதுக்கு முன்னாடி நான் மனசில் எழுதிக்கிட்ட நோட்ஸ் இதுதான். உங்களுக்கும் சொல்றேன்.

ஒண்ணு: வாயைக் குறைக்கணும். முன்னாடி 30 ஆட்டத்தில் ஏழெட்டு தடவை ரெய்ஸ் பண்ணினேன். திருப்பி அடிச்சா தாங்காத சீட்டுக்கு ரெய்ஸே வேண்டாம். ஏஸ்-9, ராஜா-ஜாக்கி எல்லாம் ஆரம்பத்திலேயே உள்ளே போயிடணும். ஆறு ஆறா போற காசு முதலில் நிக்கணும்.

ரெண்டு: 'சரி, என்னதான் வெச்சிருக்கார் பார்ப்போம்'னு சும்மா 18-ஐக் கட்டி உள்ளே போகக் கூடாது. அவர் எனக்கு இடது பக்கம். பொதுச் சீட்டு விழுந்ததும் முதலில் பேச வேண்டியது பெரும்பாலும் நான்தான். என்னைப் பார்த்துட்டு அவர் முடிவு பண்ணுவார். என்கிட்ட இருக்கிற கொஞ்சக் காசுக்கு அது கட்டுப்படியாகாது. போனா முழுசா போகணும், இல்லைன்னா விட்டுடணும்.

மூணு: திருப்பி அடிக்க நல்ல ஆயுதம் ஏஸ். காரணம் சிம்பிள். என் கையில் ஒரு ஏஸ் இருந்தா அவருக்கு ஏஸ் ஜோடி வர 6 வழி 3 ஆயிடும். ஏஸ்-ராஜா 16 வழி 12 ஆயிடும். அந்த 34 இப்போ 27. நல்லா ஆடறவங்க ஏஸ்-5 மாதிரி சீட்டை வெச்சுக்கிட்டே சில சமயம் திருப்பி அடிக்கிறது இதனாலதான். என் ராணி-9-க்கு அந்த அளவு யோகம் கிடையாது. ராணி-9-ஐத் தூக்கினது கோபம், கணக்கு இல்லை.

நாலு: முடிஞ்சா நாற்காலியை மாத்தணும். அடிச்சு ஆடறவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தா, பெரும்பாலும் அவர் என்ன பண்றார்னு பார்த்துட்டு நாம பண்ணலாம். டீலர்கிட்ட கேட்டேன். "காலியானா முதல் சான்ஸ் உங்களுக்குத்தான்"னார். காலியாகலை.

அஞ்சு: பாட்டி அடிச்சா ஓடிடணும். தொப்பிக்காரருக்குச் சொல்ற பதில் பாட்டிக்குப் பொருந்தாது. ஆளுக்குத் தகுந்த பதில்!

அரை மணி நேரம் வாயே திறக்கலை. அது எவ்வளவு கஷ்டம்னு நினைக்கிறீங்க? எக்ஸாம் ஹாலில் பேப்பரை முடிச்சுட்டு, வெளியே விடாம உட்கார வெச்ச மாதிரி இருக்கும். பிளைண்டில் கரைஞ்சு 104 டாலர் ஆச்சு. அப்போ வந்தது ஏஸ்-ராஜா.

நான் 6. தொப்பிக்காரர் 18. காபி கப்பைக்கூட கீழே வைக்கலை. நான் மொத்தத்தையும் முன்னாடி தள்ளினேன். "ஆல்-இன்." குரல் கொஞ்சம் கீச்சுன்னு வந்தது, பரவாயில்லை.

கப் கீழே வந்தது. முதல் தடவையா அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் சிப்ஸைப் பார்த்தார். அரை மணி நேரமா நான் சும்மா இருந்தது அவருக்கும் தெரிஞ்சுதான் இருக்கும். சீட்டை உள்ளே போட்டார். என் பக்கம் திரும்பி, தொப்பியைத் தொட்டு... ஒரு சலாம்!

சத்தியமா சொல்றேன், வந்தது 21 டாலர்தான். ஆனா, அந்த சலாம் டிகிரி சர்ட்டிஃபிகேட் மாதிரி இருந்தது.

கடைசிச் சீட்டு

சினிமாவா இருந்தா இதோட 'சுபம்' போட்டிருப்பாங்க. இது வேகாஸ்!

இருபது நிமிஷம் கழிச்சு ஜோடி 10. என்கிட்ட 120 டாலர் இருந்தது. நான் 6, அவர் 18, நான் ஆல்-இன். அதே திட்டம், அதே கணக்கு. இந்தத் தடவை அவர் ரொம்ப நேரம் யோசிச்சார். அப்புறம் "சரி, பார்த்துடலாம் பையா"ங்கிற மாதிரி ஏதோ சொல்லிக்கிட்டே காசைக் கட்டிட்டு, தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஆர்ட்டின் ஏஸ், ஆர்ட்டின் ஜாக்கி.

இதே நிலைமையில் நூறு தடவை ஆடினா, பாதிக்கு மேல ஜெயிக்கப் போறது நான்தான். பொதுச் சீட்டு விழ ஆரம்பிச்சது. 8... 4... 2... ரூம்மேட் என் தோளைப் பிடிச்சு உலுக்கறான். நாலாவது, 9. இன்னும் ஒரே ஒரு சீட்டு. டீலர் திருப்பினார்.

ஏஸ்.

அவருக்கு ஏஸ் ஜோடி. என் 120 டாலர் மெதுவா மேஜையைத் தாண்டி அவர் பக்கம் போனது. நான் தப்பா ஆடலை. இருந்தாலும் தோத்தேன். முதல் மணி நேரத்தில் தப்பா ஆடித் தோத்ததுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு மூளைக்குத் தெரியுது. பாக்கெட்டுக்குத் தெரியலையே!

அடுத்து நடந்ததுதான் அன்னைக்கு வந்த பெரிய ரீ-ரெய்ஸ். அதை வெச்சது தொப்பிக்காரர் இல்லை. என் ரூம்மேட்.

பர்ஸைத் திறந்து ஒரு நூறு டாலர் நோட்டை நீட்டினான். "மாப்ள, இந்தா பிடி. அந்தாளு கணக்கு உனக்குப் பிடிபட்டிருச்சுடா. இப்பதான் உட்காரணும். போனதை எடுத்துட்டு வந்திரலாம்."

அவன் சொன்னதில் பொய்யே இல்லை, அதுதான் பிரச்னை! பிடிபட்டிருந்தது உண்மை. நான் சரியா ஆடினதும் உண்மை. கை தானா நீளப் பார்த்தது. அப்போ ஞாபகம் வந்தது ஸ்டூ அங்கர் இல்லை. எங்க காலேஜ் ஹாஸ்டலில் பக்கத்து ரூம் சீனியர். ஆன்லைன் ரம்மியில் செமஸ்டர் ஃபீஸைத் தொலைச்சுட்டு, "இன்னொரு ரெண்டாயிரம் கொடுடா, எடுத்துடுவேன், எனக்கு ஆட்டம் பிடிபட்டிருச்சு"ன்னு ரூம் ரூமா வந்தவர். அவருக்கும் ஆட்டம் நல்லாத்தான் தெரியும். அந்த செமஸ்டர் பரீட்சை அவர் எழுதலை.

அவருக்குப் பின்னால் எத்தனையோ பேர். அதனாலதான் தமிழ்நாடு சட்டசபை 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு சொல்லி, அந்த ரெண்டையும் 2023 நவம்பரில் சென்னை ஹைகோர்ட் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை விதிச்சுச் சட்டம் போட்டது. போக்கர் திறமை ஆட்டமான்னு என்னைக் கேட்டா, ஆமாம்னுதான் சொல்வேன். அந்த சலாமை நான் பார்த்தேனே! ஆனா, கடைசிச் சீட்டில் வந்த ஏஸையும் நான்தான் பார்த்தேன்.

நாமளே கூட்டிப் பார்க்கலாம். 200 போனது 13 மணி நேரம் புத்தகம் அடுக்கின காசு. அந்த நூறையும் வாங்கியிருந்தா இன்னும் ஏழு மணி நேரம், அதுவும் கடனா. மூணுக்கு ரெண்டு தடவை ஓடறவனை எவனும் அடிப்பான்னு அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன். ஓட வேண்டிய ஒரே ஒரு தடவை ஓடத் தெரியாட்டி அந்தப் பாடத்தை வெச்சு என்ன பண்றது?

"நோட்டை உள்ளே வைடா. சாட்சி நீதானே"ன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். வெச்சுட்டான்.

எழுந்திருக்கும்போது தொப்பிக்காரர் கையை நீட்டினார். குலுக்கினேன். "அந்தப் பத்து ஜோடியை நல்லா ஆடினே"ன்னார். பாட்டி நிமிர்ந்துகூட பார்க்கலை. அவங்க சிப்ஸ் மட்டும் சத்தமில்லாம ரெட்டிப்பாகி இருந்தது!

வெளியே கூரைத் திரையில் ஏதோ ராக்கெட் பறந்துக்கிட்டிருந்தது. மணி பன்னிரண்டரை. காலையில் ஆறு மணிக்கு அரிசோனா கிளம்பணும். மத்தியானம் லைப்ரரி டியூட்டி. பின் பாக்கெட்டைத் தடவினேன். பஸ் பாஸ் பத்திரமா இருந்தது. டபுள் டெக்கரில் மேல் மாடியில் முன் சீட் காலி. ரெண்டு பேரும் ஓடிப்போய்ப் பிடிச்சோம்.

பஸ் கிளம்பினதும் ரூம்மேட் கேட்டான். "ஏன் மாப்ள, அந்தாளுக்கு இடது பக்க நாற்காலி மட்டும் காலியாகியிருந்தா..?"

"ஜன்னல் வழியா வேடிக்கை பாருடா"ன்னேன்.